ஜெரோம் கற்ற எபிரேயம்

'வுல்காத்தா' எனப் பெயர்பெற்ற இலத்தீன் வேதாகமம் மேல்நாட்டுத் திருச்சபையிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டு வந்தது. 1546ஆம் ஆண்டில் திரெந்து நகரிலே கூடிய பொதுச்சங்கம் அதனையே அதிகாரம் வாய்ந்த பாடமென விதித்தது. அதன் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை எபிரேய மூலத்திலிருந்து நேரே பெயர்த்துத் தந்தவர் ஜெரோம் என்னும் துறவி. அவர் யூதரல்லர். எபிரேயம் அவருக்குத் தாய்மொழியுமன்று. பள்ளியிற் பயின்ற மொழியுமன்று. பிறந்த நாட்டையும் உற்றாரையும் விட்டு, கடல்கடந்து, அயல்நாட்டு மணற்காட்டிலே தங்கியிருந்த காலத்தில், வயது முப்பதை அணுகிய பின்னர், முதலெழுத்துத் தொடங்கி அதனை அவர் கற்றார். அந்தக் கல்வி எவ்வாறு நடந்தது, அதற்காக அவர் கொடுத்த விலை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

தல்மாத்தியா நாட்டின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்ற சிற்றூரிலே, 347ஆம் ஆண்டளவில் ஜெரோம் பிறந்தார் என்பது பலர் துணிபு. செல்வக் குடும்பத்துப் பிள்ளையாதலால் இளமையிலேயே உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, தொனாத்து என்னும் புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் கல்வி பயின்றார். சிசெரோவின் உரைநடையும் வெர்ஜிலின் கவிதையும் அவருடைய நாவிலே ஊறிக் கிடந்தன. ஞானஸ்நானம் பெற்றபின் துறவு நெறியில் ஆசை மிகுந்து, 373ஆம் ஆண்டளவில் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டு, சிரியாவின் தலைநகராகிய அந்தியோக்கியாவை அடைந்தார். வீட்டை விட்டார்; உறவினரை விட்டார்; சுவையான உணவையும் விட்டார். ஆனால் தாம் அரிதிற் சேர்த்த நூல்களை மட்டும் அவரால் விட இயலவில்லை. அவற்றைத் தம்முடனேயே கொண்டுசென்றார்.

அங்கே கடுஞ்சுரம் கண்டு கிடந்தபோது அவர் ஒரு கனவு கண்டார். இறைவனின் நீதியாசனத்தின் முன் நிறுத்தப்பட்டு, நீ யார் என வினவப்பட்டபோது, தாம் கிறித்தவன் என்று விடை கூறினாராம். அது பொய், நீ கிறித்துவின் சீடனல்லை, சிசெரோவின் சீடனே என நீதிபதி கடிந்துரைத்துக் கசையடிக்கு உத்தரவிட்டாராம். பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்திலே விரிவாக எழுதிவைத்த நிகழ்ச்சி இது. கனவை எவ்வாறு கொண்டாலும், அவருடைய மனத்திலே நடந்த போர் இதனால் விளங்கும். இலத்தீன் நடையின் இனிமையிலே தோய்ந்தவருக்கு, வேதாகமத்தின் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு கரடுமுரடாகத் தோன்றியது. தீர்க்கதரிசிகளின் நடை அவருடைய செவிக்கு ஒவ்வவில்லை.

நோய் நீங்கியபின் அந்தியோக்கியாவுக்குத் தென்கிழக்கே உள்ள கல்கிஸ் பாலைநிலத்திற்குச் சென்று, அங்கு வாழ்ந்த துறவிகளோடு சேர்ந்தார். அங்குள்ளோர் பேசிய சிரிய மொழி அவருக்குப் புரியாது. அவர் பேசிய இலத்தீன் அவர்களுக்குப் புரியாது. உண்ணாநோன்பினால் உடல் வற்றி, தோல் கருகி, எலும்பு தெரியக் கிடந்தபோதிலும் உள்ளம் மட்டும் அடங்கவில்லை. உரோமாபுரியின் நடன மங்கையர் கூட்டத்திலே தாம் நிற்பதாக மனம் கற்பனை செய்தது என்று அவர் ஒளிக்காமல் எழுதுகின்றார். நோன்பு மனத்தை அடக்கவில்லை என்று கண்டபோது அவர் வேறொரு மருந்தைத் தேடினார். அக்கூட்டத்திலே யூத சமயத்திலிருந்து கிறித்தவரான ஒரு சகோதரர் இருந்தார். அவரை அணுகி, எபிரேயம் கற்பிக்குமாறு வேண்டினார். ஆகவே ஜெரோம் எபிரேயத்தைத் தொடங்கியது வேதாகமத்தை மொழிபெயர்க்க வேண்டும் என்ற நோக்கத்தினாலன்று. தம் மனத்தைக் கட்டிவைக்க ஒரு தறி தேடியே தொடங்கினார்.

அக்காலத்திலே ஒருவர் எபிரேயம் கற்பது எத்தகைய முயற்சி என்பதை இன்றுள்ளோர் எளிதில் உணரமாட்டார். எபிரேயத்துக்கு அன்று இலக்கண நூல் கிடையாது. அம்மொழிக்கு முறையான இலக்கணம் எழுதும் முயற்சி பத்தாம் நூற்றாண்டிலேதான் தோன்றியது. அகராதியும் கிடையாது. ஓர் ஆசிரியர் வாய்ப்படச் சொல்ல, மாணவர் செவியிலே ஏற்றுக்கொள்வதே ஒரே வழி. வலமிருந்து இடமாகச் செல்லும் இருபத்திரண்டு எழுத்துக்களும் மெய்யெழுத்துக்களாகவே கொள்ளப்படும். உயிரொலிகளைக் குறிக்கும் புள்ளிகளும் கோடுகளும் ஜெரோமின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பின்னரே, சிறப்பாகத் திபேரியா நகரத்து யூத அறிஞர்களால் அமைக்கப்பட்டன.

இதன் இடர்ப்பாட்டைத் தமிழிலே ஒருவாறு காட்டலாம். 'ப்ட்ம்' என்னும் மூன்று மெய்களை மட்டும் எழுதிவைத்தால், வாசிப்பவர் அதனைப் படம் என்பதா, பாடம் என்பதா, பீடம் என்பதா? முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே வழிகாட்ட வேண்டும். அன்றேல் மரபறிந்த ஒருவர் சொல்லித்தர வேண்டும். புள்ளியிடாத பழைய ஏட்டுச்சுவடிகளை வாசித்தோர் இவ்வகைத் தொல்லையிற் சிறிதளவை அறிவர். ஜெரோமோ அதனை முழு அளவிலே அனுபவித்தார். எரேமியாவின் நூலுக்கு உரையெழுதும்போது அவரே ஓர் உதாரணம் தருகின்றார். தாலெத், பேத், ரேஷ் என்னும் மூன்றெழுத்துக்களைத் 'தாபார்' என வாசித்தால் சொல் என்று பொருள். 'தெபெர்' என வாசித்தால் கொள்ளைநோய் அல்லது சாவு என்று பொருள். 'தாபேர்' என வாசித்தால் பேசு என்னும் ஏவல். எழுத்து ஒன்றே, பொருளோ மூன்று.

ஒலியும் அவரைத் துன்புறுத்தியது. இலத்தீன் மொழியில் ஒரேயொரு சகரவொலி. எபிரேயத்திலோ அவ்வினத்து ஒலிகள் பல. இவையன்றித் தொண்டையின் அடியிலிருந்து மூச்சை இழுத்து எழுப்பும் ஒலிகள் வேறு. சிசெரோவின் ஒழுகிசையிலே பழகிய நா, சீறலும் இரைப்பும் நிறைந்த சொற்களை உச்சரிக்க முயன்று தடுமாறியது. முதுமையிலே ருஸ்திக்கு என்னும் இளந்துறவிக்கு எழுதிய கடிதத்தில், தாம் எத்தனை முறை நம்பிக்கையிழந்தார், எத்தனை முறை கைவிட்டார், மீண்டும் அறியும் ஆசையால் எத்தனை முறை தொடங்கினார் என்பதையெல்லாம் அவர் சொல்லுகின்றார். அந்தப் பாடு தமக்கும் தம்மோடு அன்று வாழ்ந்தவர்களுக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் கூற்று. மிகவும் கைப்பான வித்திலிருந்து இனிய கனியைப் பறிப்பதாகக் கூறி அவர் இறைவனுக்கு நன்றி செலுத்துகின்றார். அந்த முதலாசிரியரின் பெயரை மட்டும் அவர் குறிக்கவில்லை.

பாலைவன வாழ்க்கை சில ஆண்டுகளில் முடிந்தது. துறவிகளுக்கிடையே சமயக் கோட்பாடுபற்றி எழுந்த சண்டை அவரை அங்கே இருக்கவிடவில்லை. கொன்ஸ்தாந்திநோப்பிளில் சிலகாலம் தங்கியபின் 382ஆம் ஆண்டிலே உரோமாபுரிக்குத் திரும்பினார். பாப்பரசர் தமாசு அவரைத் தம் உதவியாளராகக் கொண்டு, சுவிசேஷங்களின் இலத்தீன் பாடத்தைத் திருத்துமாறு பணித்தார். அங்கேயும் எபிரேயம் அவரை விடவில்லை. ஒருநாள் அவர் பாப்பரசருக்குக் கடிதமொன்று எழுத அமர்ந்திருந்தபோது, ஒரு யூதர் பல ஏட்டுச்சுருள்களைச் சுமந்துகொண்டு திடீரென வந்தாராம். தாம் வாசிப்பதற்கு என்று சொல்லித் தம் தொழுகைக்கூடத்திலிருந்து அவர் வாங்கிவந்தவை அவை. விரைவிலே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தமையால், ஜெரோம் மற்றை வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் படியெடுக்க முனைந்தார். பாப்பரசருக்குரிய மறுமொழி காத்திருந்தது. காரணம் கூறி மன்னிப்புக் கேட்ட கடிதம் இன்றும் உள்ளது.

உரோமாபுரியிலே அவருக்கு வாய்த்த மாணவரைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் அவர்களுட் சிறந்தோர் பெண்கள். அவெந்தீன் குன்றிலே வாழ்ந்த மார்செல்லா என்ற விதவையார், அல்லேலூயா என்றால் என்ன, ஆமென் என்றால் என்ன என்று ஓயாது வினவுவார். வழிபாட்டிலே நாள்தோறும் ஒலிக்கும் சொல்லுக்குப் பொருளறியாது இருத்தல் அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு எழுதிய கடிதமொன்றிலே ஜெரோம் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகின்றார். கிரேக்க வேதாகமப் படிகள் சிலவற்றில் இறைவனின் திருநாமத்தை மட்டும் எபிரேய எழுத்து நான்கினால் எழுதிவைப்பது வழக்கம். எபிரேயம் அறியாத கிரேக்கர், அவ்வெழுத்துக்களின் வடிவம் தம் எழுத்தை ஒத்திருந்தமையால், இடமிருந்து வலமாக அதனைப் 'பிப்பி' என வாசித்துவந்தனராம்! கடவுளின் பெயரையே பொருளற்ற ஒலியாக்கிவிடும் அறியாமையை அவர் இவ்வாறு எடுத்துக்காட்டினார்.

பவுலா என்ற பெருஞ்செல்வச் சீமாட்டியும், அவர் மகளார் பிளெசில்லாவும் எபிரேயம் கற்றனர். பிளெசில்லா விரைவிலேயே அதன் இடர்களைக் கடந்து, சங்கீதங்களைப் பாடுவதிலே தாயோடு போட்டியிட்டார். அவர் 384ஆம் ஆண்டில் இளமையிலேயே இறந்தார். கடுநோன்பே அவரைக் கொன்றதென ஊரார் ஜெரோமைப் பழித்தனர். அவ்வாண்டின் இறுதியிலே தமாசுவும் மறைந்தார். ஆதரவு இழந்த ஜெரோம் 385ஆம் ஆண்டில் உரோமாபுரியை விட்டு மீண்டும் கப்பலேறினார். பவுலாவும் பின்தொடர்ந்து சென்றார். இருவரும் 386ஆம் ஆண்டிலே பெத்லகேமிற் குடியேறினர். பவுலாவின் பொருளினாலே அங்கு மடங்கள் எழுந்தன. ஜெரோம் தம் இறுதிநாள்வரை வாழ்ந்த அயலூர் அதுவே.

பெத்லகேமிலே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பரானினா என்னும் யூதர். இவர் பகலில் வருவதில்லை. தம் இனத்தாருக்கு அஞ்சி இரவிலேயே வந்து கற்பித்துச் செல்வார். இயேசுவிடம் இரவில் வந்த நிக்கொதேமுவை நினைத்து, இவரை மற்றொரு நிக்கொதேமு என ஜெரோம் குறிக்கின்றார். எவ்வளவு உழைப்பினால், எவ்வளவு விலைகொடுத்து அவரைப் பெற்றார் என்பதையும் சொல்லத் தவறவில்லை. விளக்கொளியிலே இருவர் அமர்ந்திருக்கும் அந்த அறையை எண்ணிப்பார்க்கலாம். ஒருவர் கிறித்தவத் துறவி. மற்றவர் யூத அறிஞர். இரு சமயத்தாருக்கும் அக்காலத்திலே கசப்பு முற்றியிருந்தது. ஒரு யூதர் தம் மறைநூலைக் கிறித்தவர் ஒருவருக்குக் கற்பிப்பது தம் மக்களுக்கு இழைக்கும் துரோகமாகக் கருதப்படலாம். ஒரு கிறித்தவர் யூதரிடம் கற்பதும் அத்தகையதே.

இந்த அச்சம் வீணன்று என்பது விரைவிலே தெரிந்தது. இளமையிலே ஜெரோமின் உயிர்த்தோழராய் இருந்து பின்னர்ப் பகைவரான ருஃபீனு, அவர் யூதரின் தொழுகைக்கூடத்துக்கு விலைபோய்விட்டார் என்ற கருத்துப்பட எழுதினார். பரானினா என்னும் பெயரையும் திரித்து, இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட கள்வனின் பெயராகிய பரபா என்று ஏளனம் செய்தார். சினத்திலே ருஃபீனுவுக்குச் சிறிதும் குறைந்தவரல்லர் ஜெரோம். அவர் எழுதிய மறுப்புக்கள் இன்று வாசிப்போருக்குக் கூச்சம் தரும் அளவுக்குக் கடுமையானவை.

பரானினா ஒருவரோடு அவருடைய கல்வி நின்றுவிடவில்லை. யோபுவின் நூல் விளங்காதபோது, யூதருள் முதல்வர் எனக் கருதப்பட்ட லித்தா ஊர் ஆசிரியர் ஒருவரைப் பெருந்தொகை கொடுத்து அழைப்பித்தார். அவரிடம் கற்றதனால் தாம் முன்னேறினாரோ இல்லையோ தெரியாது, விளங்காத ஒன்றைத் தம்மால் மொழிபெயர்க்க இயலாது என்பது மட்டும் தெரியும் என அந்நூலின் முன்னுரையிலே எழுதினார். மொழிபெயர்ப்பாளர் எவரும் தம் மேசையின்மேல் எழுதிவைக்கத்தக்க நேர்மை அது. நாளாகம நூல்களை ஒத்துப்பார்க்கத் திபேரியாவிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். தோபித்து நூல் அரமேய மொழியிலே கிடைத்தபோது, இரு மொழியும் வல்ல ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர் அரமேயத்தை எபிரேயமாகச் சொல்லச்சொல்ல, ஜெரோம் அதனை உடனுக்குடன் இலத்தீனாகச் சொல்ல, எழுத்தாளர் எழுதினார். ஒரே நாளில் நூல் முடிந்தது. இந்த ஆசிரியர்கள் எவருக்கும் அவர் பெயர் சூட்டவில்லை. ஊரால் அறியப்படுகின்றனர், அல்லது அதுவுமில்லை.

இவ்வளவு பாடுபட வேண்டிய காரணம் யாது? அன்றைய திருச்சபை ஓதிய பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து வந்ததன்று. அலெக்சாந்திரியாவில் யூதர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து இலத்தீனுக்குச் சென்றது அது. எழுபது அறிஞர் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டு மொழிபெயர்க்க, எல்லோருடைய சொற்களும் ஒன்றாகவே அமைந்தன என்பது மக்கள் நம்பிய கதை. ஆகையால் அக்கிரேக்க நூலும் தெய்வ ஏவுதலினாலேயே ஆயது எனக் கருதினர். ஜெரோமும் தொடக்கத்தில் அதனை ஒட்டியே திருத்தங்கள் செய்தார். எபிரேயத்தை நன்கு கற்கக் கற்க, அவர் எண்ணம் மாறியது. எழுபது அறைகள் என்பது எவரோ கட்டிய பொய் என்றார். தீர்க்கதரிசி வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு என்றார். ஊற்றிருக்க வாய்க்கால்நீரை அள்ளுவானேன் என்னும் துணிவோடு, 390ஆம் ஆண்டளவில் எபிரேய மூலத்திலிருந்தே முழுவதையும் பெயர்க்கத் தொடங்கி, 405ஆம் ஆண்டளவில் முடித்தார். எபிரேய மெய்ம்மை என்பது அவர் அடிக்கடி ஆண்ட தொடர்.

நம்பிக்கையுள்ள பொதுமக்களுக்கு இஃது எத்தகைய அதிர்ச்சி என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். வட ஆபிரிக்காவில் ஓயா என்னும் நகரத்துத் தேவாலயத்திலே மேற்றிராணியார் ஒருவர் யோனாவின் வரலாற்றை ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்றே கேட்டு வந்தனர். அன்று ஐவிக்கொடி என ஒலித்தது. உடனே கூட்டத்திலே குழப்பம் எழுந்தது. அவ்வூர் யூதரைக் கேட்டபோது, அவர்களும் பழைய பாடமே சரியென்றனர். மந்தையில்லாத மேய்ப்பராய்த் தனித்து நிற்க நேராதவாறு, மேற்றிராணியார் சொல்லைத் திருத்த வேண்டியதாயிற்று. 403ஆம் ஆண்டிலே இச்செய்தியை ஜெரோமுக்கு எழுதியவர் அகுஸ்தீனார். ஒரு தனிமனிதரின் எபிரேய அறிவை நம்பித் திருச்சபை முழுவதும் பழகிய பாடத்தைக் கைவிடலாமோ, பிழை நேர்ந்தால் திருத்துவார் யார் என்பது அவருடைய கவலை. அது புறக்கணிக்கத்தக்க கவலையன்று.

ஜெரோமின் விடையோ எள்ளலும் விளக்கமும் கலந்தது. எபிரேயச் சொல் 'கீகாயோன்'. அது பலஸ்தீன மணற்பாங்கில் விரைவாக வளரும் ஒருவகைச் செடி, அகன்ற இலையுடையது, தன் தண்டினாலேயே நிமிர்ந்து நிற்பது. அதற்கு இலத்தீனில் பெயரில்லை. மூலச்சொல்லை அப்படியே எழுதினால் எவருக்கும் விளங்காது. ஆதலால் முன்னைய மொழிபெயர்ப்பாளரைப் பின்பற்றி ஐவி என்றாராம். அவர் வருணித்த செடி ஆமணக்கே என்பது இன்று பலர் முடிவு. இலத்தீன் புலவருக்குப் பெயர் கிடைக்காத செடி தமிழர் கொல்லைகளிலே தானாக வளர்கின்றது. தமிழ் வேதாகமத்தில் யோனாவின் சரிதையை வாசிப்போர், ஆமணக்கு என்ற சொல்லை ஒரு கலகமுமின்றிக் கடந்து போகின்றனர்.

தமிழோடு தொடர்புடைய இன்னொரு சொல்லையும் இவ்விடத்திற் கூறலாம். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் யானைத்தந்தம், குரங்கு என்பவற்றோடு 'துக்கீம்' என ஒன்று எபிரேய நூலிலே காணப்படும். ஜெரோம் அதனை மயில்கள் எனப் பெயர்த்தார். அச்சொல் தமிழ்த் தோகை என்பதன் திரிபே எனக் கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். எல்லோரும் இதனை ஒப்புவதில்லை.

ஜெரோம் தவறாதவரல்லர். மோசே மலையிலிருந்து இறங்கியபோது அவர் முகம் எவ்வாறிருந்தது என்ற இடத்திலே வரும் எபிரேயச் சொல், கொம்பு என்னும் பெயரோடு வேரொற்றுமை உடையது. கதிர்வீசுதல் என்பதே அங்குப் பொருந்தும் எனப் பலர் கொள்வர். ஜெரோம் கொம்புடையது எனப் பெயர்த்தார். அதன் விளைவாக மேல்நாட்டு ஓவியர் மோசேக்குக் கொம்பு வரைந்தனர். உரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய சலவைக்கற் சிலையிலும் அக்கொம்பு இரண்டும் இன்றும் உள.

இதனினும் பெரிய குறை வேறொன்று. பரானினாவைப்பற்றிப் பேசும் அதே கடிதத்திலே, யூத இனத்தார்மீது தமக்குள்ள வெறுப்பையும் ஜெரோம் மறைக்கவில்லை. அவருடைய உரைநூல்களிலே யூதரைப் பழிக்கும் வசைமொழிகள் பல. யூதர் தந்த மொழியை வைத்தே யூதரை இகழ்ந்தார். அச்சத்தோடு இருளில் வந்து அவருக்குக் கண்திறந்துவிட்டவருக்கு அவர் கொடுத்தது கூலி மட்டுமே. கல்வியிற் காட்டிய பணிவை மனிதரிடம் அவர் காட்டவில்லை என்றே சொல்லவேண்டும். ஆயினும் அவர் உண்மை எங்கேயிருந்தது என்பதை அறிந்திருந்தார். அதனைத் தேடித் தாம் விரும்பாதவரின் காலடியிலும் அமர்ந்தார். அதற்காகத் தம்மவரின் ஏச்சையும் ஏற்றார்.

பவுலா 404ஆம் ஆண்டில் இறந்தபோது ஜெரோம் எழுதிய இரங்கற் கடிதத்திலே எபிரேயம் மீண்டும் வருகின்றது. பவுலா சங்கீதங்களை எபிரேயத்திலேயே பாடுவார். அவருடைய உச்சரிப்பிலே இலத்தீன் சாயல் சிறிதும் இராது என வியந்து கூறுகின்றார். தாமோ இளமைதொட்டு வியர்வை சிந்திக் கற்றும் ஓரளவே அடைந்ததாகவும், தாம் அம்மொழியை விட்டால் அது தம்மை விட்டுவிடும் என்று அஞ்சி இடைவிடாது பயில்வதாகவும் ஒப்புக்கொள்கின்றார். பிறமொழி கற்று மறந்தோர்க்கு இந்த அச்சம் நன்கு தெரியும்.

410ஆம் ஆண்டிலே கோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடினர். ஓடிவந்த அகதிகள் பெத்லகேமிற் குவிந்தனர். பகலெல்லாம் அவர்களுக்கு உதவியபின், இரவிலே எசேக்கியேலின் நூலுக்கு உரை சொன்னார். எபிரேய ஏட்டின் நுண்ணிய எழுத்துக்கள் வெயில் ஒளியிலேயே கண்ணை மயக்கின; விளக்கொளியிலோ அவற்றை வாசிக்கவே இயலவில்லை. கிரேக்க உரைகளைச் சகோதரர் வாசிக்கக் கேட்டார். எபிரேயத்தை வாசித்துக் காட்ட எவருளர்? 416ஆம் ஆண்டில் ஒரு கலகக்கூட்டம் மடங்களைத் தாக்கித் தீயிட்டது. அதன் பின்னரும் சில ஆண்டுகள் உயிரோடிருந்து, 420ஆம் ஆண்டளவில் ஜெரோம் பெத்லகேமிலேயே காலமானார். எரேமியாவுக்கு அவர் எழுதிவந்த உரை முப்பத்திரண்டாம் அதிகாரத்தோடு நிற்கின்றது.